கோவாவும் புதுவையும்

புதுச்சேரிக்குத் தெற்கே, சுண்ணாம்பாற்றங்கரையில் அமைந்த ஊர் நோணாங்குப்பம். 1954 நவம்பர் 1 அன்று இவ்வூரும், இதனைச் சூழ்ந்த பிரெஞ்சுப் பகுதிகளும் இந்திய ஆட்சியின்கீழ் வந்தன. அதற்கு முன், அக்டோபர் 18இல் கீழூரில் கூடிய 178 மக்கட் பிரதிநிதிகளுள் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். விண்ணிலிருந்து ஒரு குண்டும் விழவில்லை.

கோவாவின் கதை வேறு. போர்ச்சுகலை ஆண்ட சர்வாதிகாரி சலாஸார், கோவாவைக் கைவிடுவது பற்றிப் பேசவும் இணங்கவில்லை. 1955 ஆகஸ்டு 15இல் எல்லை கடந்த சத்தியாக்கிரகிகள் பலர் சுடப்பட்டு மாண்டனர். 1961 டிசம்பர் 18இல் இந்திய விமானங்கள் தபோலிம் ஓடுபாதைமீது குண்டு வீசின. இறுதிவரை போரிடுமாறு சலாஸார் இட்ட ஆணையை மீறி, மறுநாள் கோவாவின் ஆளுநர் சரணடைந்தார்.

அறப்போரால் விடுதலை பெற்ற நாடு படை செலுத்தலாமா? ஐ.நா. பாதுகாப்பு அவையில், படைகளைத் திரும்பப் பெறக் கோரிய தீர்மானத்தை 7 நாடுகள் ஆதரித்தன; 4 நாடுகள் எதிர்த்தன. சோவியத் ஒன்றியத்தின் மறுப்புரிமையால் அது வீழ்ந்தது. குடியேற்ற ஆட்சியே ஓயாத ஆக்கிரமிப்பு என்று இந்தியத் தரப்பு வாதிட்டது. பிறர் படைபலத்தைக் கண்டிக்கும் தார்மிக வலிமையை இந்தியா இழந்ததென இராஜாஜி வருந்தினார்.

மாணவர்களே, வெற்றி கிட்டியதனாலேயே வினா தீர்ந்துவிடாது. பிற வழிகள் யாவும் மெய்யாகவே அடைபட்டனவா என்பதே வினா. தணிக்கைக்குட்பட்ட லிஸ்பன் ஏடுகளில் அரசை எதிர்த்து எவரும் வினவ இயலவில்லை; சென்னையில் இராஜாஜி அச்சமின்றி வினவினார். அவ்வாறு வினவுபவரைப் பகைவராகக் கருதாதிருப்பதே குடியாட்சிக்கு அழகு.