கல்லடிப் பாலமும் அதன் பெயரும்

ஓர் ஊரின் வரலாறு கல்வெட்டிலும் ஏட்டிலும் மாத்திரம் அடங்குவதன்று. மக்கள் வாயில் வழங்கும் பெயர்களிலும் அது வாழ்கின்றது. மட்டக்களப்பு வாவியின் மேல் நிற்கும் கல்லடிப் பாலம் இதற்குத் தக்க சான்றாகும்.

நகர்ப்புறத்தையும் மறுகரையிலுள்ள கல்லடியையும் இணைத்து, 1924ஆம் ஆண்டில் இவ்விரும்புப் பாலம் அமைக்கப்பெற்றது. அக்காலத் தேசாதிபதி சேர் வில்லியம் மனிங் என்பார். அவர்தம் துணைவியாரின் பெயரால் 'லேடி மனிங் பாலம்' என அரசினர் இதற்குப் பெயர் சூட்டினர். ஆனால், வண்டியோட்டியவரும் வலை வீசியவரும் சந்தைக்குச் சுமை கொண்டு சென்றவரும் கல்லடிப் பாலம் என்றே வழங்கினர். தேசாதிபதி 1925இல் பதவி நீங்கினார். சீமாட்டியின் பெயர் ஏட்டில் தங்கியது. ஊரின் பெயரோ நாவில் நிலைத்தது.

பாலம் மிக ஒடுங்கியது. ஒரு கரையிலிருந்து வாகனங்கள் வருங்கால் மறுகரையிலுள்ளவை காத்து நிற்றல் வேண்டியிருந்தது. ஆயினும், 1978ஆம் ஆண்டுச் சூறாவளியையும், 2004 மார்கழியிற் கல்லடிக் கடற்கரையை அழித்த ஆழிப்பேரலையையும் அது தாங்கி நின்றது. பூரணை இரவுகளில் மீன் பாடுவதைக் கேட்க மக்கள் நாடிய இடமும் இதுவே. அவ்விசையைச் செய்யுளிற் பாடிய சுவாமி விபுலாநந்தரின் சமாதியும் கல்லடி உப்போடையிலேயே உள்ளது.

2013ஆம் ஆண்டில் அருகே இருவழிப் புதுப்பாலம் திறக்கப்பெற்றது. அதற்கும் மக்கள் இட்ட பெயர் கல்லடிப் பாலமே.

அன்பர்களே! பழைய பாலத்தைக் கடந்த பெரியோர் இன்னும் நம்மிடையே உளர். அவர்தம் நினைவிலுள்ளவற்றை இளைஞராகிய நாம் இன்றே கேட்டு எழுதி வைப்போமாக. இரும்பு துருப்பிடித்து அழியும். கேட்டு வையாத கதை அதனினும் விரைவில் அழியும்.