இழைமணியின் வாயில்கள்

வரலாற்றுக்குச் சான்று தேடுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் பழங்காசுகளையும் நாடுவது வழக்கம். மனிதன் எழுதத் தொடங்குவதற்கு நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாக முற்பட்ட ஒரு நிகழ்ச்சிக்கு இவை சான்றாக மாட்டா. அதற்குரிய சான்று நம் உடம்பின் கலங்களுக்குள்ளேயே இருக்கின்றது. இழைமணி என்னும் நுண்ணுறுப்பின் சுவர்களும் வாயில்களுமே அச்சான்று. அதனை அறிஞர் எவ்வாறு படித்தறிந்தனர் என்பதே இப்பேச்சின் பொருள்.

செருமனியின் லைப்சிக் நகரில் ஆராய்ச்சி செய்த றிச்சாட் அல்ற்மன், கலங்களுக்குள் மணிமணியாகத் தென்பட்டவற்றைப் பற்றி 1890ஆம் ஆண்டில் விரிவாக எழுதினார். அவை தனித்தியங்கும் உயிர்கள் போன்றவை என்பது அவர் கருத்து. அக்காலத்தவர் அதனை ஏற்றிலர். 1898இல் கார்ல் பெண்டா என்பார், கிரேக்க மொழியில் நூலையும் மணியையும் குறிக்கும் இரு சொற்களை இணைத்து மைற்றோகொண்ட்ரியன் எனப் பெயரிட்டார். நம் பாடநூல்களில் வழங்கும் இழைமணி என்ற சொல் அப்பொருளையே தாங்கி நிற்கின்றது.

அம்மணியின் தொழில் யாதென்று தெரியவர மேலும் அரை நூற்றாண்டு சென்றது. உணவிலிருந்து கலம் சக்தி பெறும் இடம் அதுவே என்பதை 1940களின் இறுதியில் அமெரிக்காவிலே கென்னடியும் லெனிஞ்சரும் நிறுவினர். 1952, 1953ஆம் ஆண்டுகளில் ஜோர்ஜ் பலாடே, ஸ்யோஸ்திராண்ட் ஆகியோர் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு அதன் உள்ளமைப்பைக் கண்டனர். புறத்தே ஒரு மென்சவ்வு; அகத்தே பல மடிப்புகளாய் அமைந்த மற்றொன்று. அகச்சவ்வு ஒரு குளக்கட்டை ஒத்தது என்பதை 1961இல் பீற்றர் மிச்சல் முன்வைத்த கொள்கையிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். அதன் ஒரு புறத்தே ஐதரசன் அயன்கள் தேக்கப்படுகின்றன. அவை மதகு வழியே மீண்டு பாயும்போது சக்தி பிறக்கின்றது. கட்டு கசிந்தால் வயல் காயும். அகச்சவ்வு கசிந்தால் கலம் வாடும்.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுந்தது. இழைமணிக்குத் தனக்கெனப் பரம்பரைப் பொருள் உண்டென்பது 1963இல் வெளிப்பட்டது. மனித இழைமணியின் டீ. என். ஏ. முழுவதையும் கேம்பிறிட்ஜ் அறிஞர் 1981இல் படித்து முடித்தபோது, அதில் 16,569 எழுத்துகளே இருந்தன. அவை 13 புரதங்களுக்கே போதுமானவை. இழைமணியிலோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைப் புரதங்கள் உள்ளன. ஏனையவை கலத்தின் கருவில் உள்ள கட்டளைப்படி வெளியே ஆக்கப்பட்டு உள்ளே வருவன. கசியக் கூடாத கட்டினூடாக அவை புகுவது எங்ஙனம்? புறச்சவ்வு, அகச்சவ்வு, இடைவெளி, உள்ளறை என்ற நான்கிடங்களுள் தமக்குரிய இடத்தை அவை அறிவது எங்ஙனம்?

விடைக்கு வழிகாட்டியவர் நியூயோர்க்கின் றொக்பெல்லர் நிறுவகத்தைச் சேர்ந்த குந்தர் புளோபெல். கடிதத்துக்கு முகவரி உறைமேல் இருக்கும். புரதத்துக்கோ முகவரி அதன் உடலிலேயே அமினோ அமிலங்களால் எழுதப்பட்டிருக்கும் என்னும் கருத்தைக் கலத்தின் வேறொரு சவ்வுத் தொகுதியை ஆராய்ந்து அவர் நிலைநாட்டினார். 1999இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அவர் ஆராய்ந்த இடத்திற் புரதம் ஆக்கப்படும்போதே சவ்வினுட் செல்லும். இழைமணியின் வழக்கம் வேறு. புரதம் முற்றாக ஆக்கப்பட்ட பின்னரும் உட்புகவல்லது என்பதை 1977இல் வால்ற்றர் நொய்பேர்ட் குழுவினர், பாணிற் படரும் பூஞ்சண வகையொன்றிற் காட்டினர். சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிற் கொட்பிறீட் ஷற்ஸ் குழுவினர் மதுவத்தை ஆராய்ந்து, புகுமுன் புரதத்திற்குத் தலைப்பகுதி ஒன்று மிகையாக இருப்பதையும் உள்ளே சென்றதும் அது வெட்டப்படுவதையும் 1979இற் கண்டனர். 1984இல் அத்தலைப்பகுதியை, இழைமணிக்குச் சிறிதும் தொடர்பில்லாத ஓர் எலிப் புரதத்தோடு இணைத்தனர். அதுவும் உள்ளே சென்றது. 1986இல் அதே எலிப் புரதத்தை ஒரு மருந்தினால் இறுக மடித்து வைத்தபோது அது வாயிலிலேயே நின்றுவிட்டது. முகவரி மட்டும் போதாது, மடிப்பவிழ்ந்து நூல்போல் நீளவும் வேண்டும் என்பது இதனாற் புலனாயிற்று.

புறச்சவ்வின் வாயிலைப் பாசல் குழுவினர் 1989இலும், மியூனிக் குழுவினர் 1990இலும் வெவ்வேறு பெயர்களால் அறிவித்தனர். ஒன்றுக்கே இரு பெயர் வழங்கிய குழப்பம், 1996இல் இரு சாராரும் பிறரும் கூடிப் பொதுப்பெயர் வகுத்தபோது நீங்கியது. புறவாயில் ரொம் எனவும் அகவாயில்கள் ரிம் எனவும் அழைக்கப்படலாயின. பெரும்பாலான புரதங்கள் ரொம் வழியே புகுகின்றன. வழிகள் பிரிவது அதற்கப்பால். தலைப்பகுதியுள்ளவை ஓர் அகவாயிலால் உள்ளறைக்கு இழுக்கப்படுகின்றன. அவற்றுட் சில, நடுவே எண்ணெய்த் தன்மையான பகுதி ஒன்று இருப்பதால் அகச்சவ்விலேயே தங்கிவிடுகின்றன. தலைப்பகுதியில்லாத சுமைகாவிப் புரதங்களைச் சிறு புரதங்கள் வழித்துணையாக அழைத்துச்சென்று இரண்டாவது அகவாயிலிற் சேர்க்கின்றன. அவ்வாயில் அவற்றை அகச்சவ்விற் பதிக்கின்றது. பீப்பாய் வடிவப் புரதங்களோ இடைவெளி வரை சென்று, உட்புறமிருந்து திரும்பிப் புறச்சவ்விற் பதிகின்றன. இதற்கென அமைந்த பொறி 2003இல் வெளிப்பட்டது. உள்ளேயே ஆக்கப்படும் புரதங்களை அகச்சவ்விற் பதிப்பது வேறொரு பொறி.

வரலாற்றின் சுவடு இங்கேதான் தெரிகின்றது. பீப்பாய்களைப் பதிக்கும் பொறிக்கும், உள்ளிருந்து பதிக்கும் பொறிக்கும் உறவுடைய புரதங்கள் இன்றும் பற்றீரியாவில் உள்ளன. இழைமணி, முன்னொரு காலத்தில் வேறொரு கலத்தினுட் புகுந்து தங்கிவிட்ட பற்றீரியாவின் வழித்தோன்றல் என லின் மார்குலிஸ் 1967இல் வாதிட்டார். அது பின்னர் ஏற்கப்பட்டது. அல்ற்மன் எண்ணியது முற்றும் வீணன்று. வந்த விருந்தாளியின் பரம்பரையலகுகளுட் பெரும்பாலானவை காலப்போக்கில் இழந்துபோயின, அல்லது கலத்தின் கருவுக்குப் பெயர்ந்தன. பெயர்ந்தவற்றாலாகும் புரதங்கள் பழைய மனைக்கு மீள்வதற்கு வாயில் வேண்டியதாயிற்று. குடி மாறினும் பழைய வழக்கங்கள் சில அழியாமல் நிற்றல் மக்கள் வரலாற்றிலும் காண்பதே.

இது வெறும் பழங்கதையன்று. நோர்வே நாட்டுக் குடும்பமொன்றில் ஆண்பிள்ளைகள் இளவயதிலேயே செவிப்புலன் இழந்து வந்தமை 1960இற் பதிவு செய்யப்பட்டது. பின்னாளிற் பார்வை மங்குவதும் தசைகள் தம்மை மீறி முறுகுவதும் அந்நோயின் இயல்புகளாக அறியப்பட்டன. அதற்குக் காரணமான பரம்பரையலகு 1996இல் அகப்பட்டது. ஆயின் அதன் தொழில் விளங்கவில்லை. மதுவத்தில் வழித்துணைப் புரதங்களை ஆராய்ந்தவர்கள் 1999இல் அதனை இனங்கண்டனர்: அது அவ்வழித்துணைகளுள் ஒன்றே. துணை தவறியதால் ஒரு புரதம் சவ்வைச் சேரவில்லை. அதனால் ஒரு குழந்தையின் காதில் ஒலி சேரவில்லை.

அந்நோயை முற்றாக மாற்றும் மருந்து இன்னும் இல்லை. ஆயினும், காரணமறியாது கலங்கிய குடும்பங்களுக்குக் காரணம் தெரிந்துள்ளது. முன்கூட்டிச் சோதித்தறியவும் வழி பிறந்துள்ளது. மதுவத்தையும் பூஞ்சணத்தையும் வைத்து, ஒரு புரதம் எந்த வாயிலாற் புகுகின்றது என்று வினவத் தொடங்கியவர்கள் அக்குடும்பங்களை எண்ணி வினவவில்லை. ஒரு வினாவின் பயன் கேட்டவர் கண்ணுக்கு எட்டாத இடத்திலும் விளையும். பயன் யாதென முதலிற் கேட்டு, அதன் பின்பே கல்விக்கு வாயில் திறப்போம் என்பார், இவ்வரலாற்றை ஒருமுறை எண்ணிப்பார்த்தல் நன்று.