துண்டு இல்லாமல் தோட்டம் மாற ஏலாது

கோடிக்கணக்கில் உழைக்கிற விளையாட்டுக்காரன் ஒருவன் "என்னை அடிமை மாதிரி விற்கிறாங்கள்" என்று சொன்னால் எங்கட சனத்துக்குச் சிரிப்புத்தான் வரும். உணவகக் குசினியில் பன்னிரண்டு மணித்தியாலம் நின்று கோப்பை கழுவியவனுக்கு அந்தச் சிரிப்புக்கு உரிமை இருக்கிறது. நானும் நின்றவன்தான். ஆனாலும் இந்த விசயத்தில் அந்தக் கோடீஸ்வரன் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் இந்தக் கதை எங்கட கதைக்கு வெகு தூரத்தில் இல்லை.

முதலில் அமெரிக்காவுக்குப் போவோம். பேஸ்போல் எங்களில் பலருக்குப் புரியாத விளையாட்டு. ஊரில் விளையாடிய எல்லேயின் பணக்காரச் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 1879 இல் கழக முதலாளிகள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒரு வீரனின் ஒப்பந்தம் முடிந்தாலும் அவன் அந்தக் கழகத்துக்கே உரியவன். வேறு கழகம் அவனைத் தொடக்கூடாது. முதலில் சில வீரர்களுக்கு மட்டும் இருந்த இந்த விதி பிறகு எல்லாருக்கும் ஆனது. கொடுத்த சம்பளத்தை வாங்கு, இல்லாவிட்டால் வீட்டில் இரு. வீரனின் கையில் இருந்த ஒரே ஆயுதம் வீட்டில் இருப்பதுதான்.

1966 இல் லொஸ் ஏஞ்சலஸ் டொட்ஜர்ஸ் கழகத்தின் இரண்டு பெரிய பந்துவீச்சாளர்கள், சாண்டி கூஃபக்ஸும் டொன் ட்ரைஸ்டேலும், அந்த ஆயுதத்தைச் சேர்ந்து தூக்கினார்கள். இருவருக்கும் சேர்த்து மூன்று ஆண்டுக்குப் பத்து இலட்சம் டொலர் தந்தால்தான் வருவோம் என்று பயிற்சிக்குப் போகாமல் நின்றார்கள். கடைசியில் ஒருவர் 125,000 டொலருக்கும் மற்றவர் 110,000 டொலருக்கும் ஓராண்டு ஒப்பந்தத்தில் இறங்கி வந்தார்கள். சம்பளம் நன்றாகக் கூடியது. ஆனால் கேட்ட மூன்று ஆண்டு ஒப்பந்தம் கிடைக்கவில்லை. கட்டு அப்படியே இருந்தது.

அந்தக் கட்டையே எதிர்த்தவர் கேர்ட் ஃபிளட் என்ற கறுப்பின வீரர். 1969 இல் சென் லூயிஸ் கழகம் அவரைக் கேட்காமலே பிலடெல்பியாவுக்கு மாற்றியது. அவர் போக மறுத்து வழக்குப் போட்டார். 1972 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5 க்கு 3 என்று அவருக்கு எதிராகத் தீர்த்தது. அவருடைய ஆட்ட வாழ்க்கை அதற்கு முன்னமே முடிந்துவிட்டது. மூன்று வருடம் கழித்து, 1975 டிசம்பரில், பீற்றர் சைற்ஸ் என்ற நடுவர் வேறு இரண்டு வீரர்களின் பிணக்கில் அந்த விதியை உடைத்தார். கழக முதலாளிகள் உடனே அந்த நடுவரை வேலையால் நிறுத்தினார்கள். ஆனால் கதவு திறந்துவிட்டது. இன்றைக்குப் பத்தாண்டு ஒப்பந்தம் கேட்டு அடம்பிடிக்கிற நட்சத்திரங்கள் எல்லாரும் ஃபிளட் பட்ட கடனில் சாப்பிடுகிறவர்கள்.

இனி சுவிசுக்கு வருவோம். இங்கே இருக்கிற எங்கட பெடியளுக்கே தெரியாத ஒரு விசயம் இது. அமெரிக்காவில் அந்தக் கதவு திறந்து சில மாதங்களில், 1976 இல், இந்த நாட்டின் சமஷ்டி நீதிமன்றம் அதே கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது. ஜெனீவாவின் சேர்வெற் கழகத்துக்கும் பெரூ என்ற உதைபந்தாட்ட வீரருக்கும் நடந்த வழக்கு. ஒரு வீரர் கழகம் மாறுவதென்றால் பழைய கழகம் ஒரு விடுவிப்புக் கடிதம் கொடுக்கவேண்டும். ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரை வேறிடத்தில் விளையாடவிடாமல் தடுக்கலாமா? கூடாது, அப்படித் தடுக்கிற சங்க விதிகள் ஒரு மனிதனுடைய ஆளுமை உரிமைக்கு விரோதம் என்றது நீதிமன்றம்.

ஐரோப்பா முழுவதும் பேர் பெற்ற பொஸ்மன் தீர்ப்பு வந்தது 1995 டிசம்பர் 15 இல். பெல்ஜியத்தின் லியேஜ் கழகத்தில் இருந்த பொஸ்மனுக்கு 1990 இல் ஒப்பந்தம் முடிந்தது. கழகம் சம்பளத்தை நாலில் ஒன்றாகக் குறைத்துக் கேட்டது. அவர் பிரான்சின் டன்கேர்க் கழகத்துக்குப் போக வெளிக்கிட்டார். மாற்றுப்பணப் பிரச்சினையில் அது நின்றுபோனது. ஐந்து வருடம் வழக்காடி வென்றார். வென்றபோது விளையாட வயதும் இல்லை, கையில் காசும் இல்லை. ஃபிளட்டின் கதைதான். வழி வெட்டுகிறவன் ஒருவன், அந்த வழியால் நடக்கிறவன் இன்னொருவன். 2024 இல் எம்பாப்பே பாரிஸ் கழகத்தில் ஒப்பந்தம் முடிந்து ஒரு சதம் மாற்றுப்பணம் இல்லாமல் மட்ரிட்டுக்குப் போனது அந்த வழியால்தான்.

சேர்வெற் வழக்கைப் பற்றி வாசித்தபோது அந்த விடுவிப்புக் கடிதம் எனக்கு வேறொரு கடதாசியை ஞாபகப்படுத்தியது. மலையகத்துத் துண்டு.

எங்கட மலையக வரலாற்றை வாசித்தவர்களுக்குத் தெரியும். இந்தியாவிலிருந்து கங்காணி ஆள் பிடித்துக்கொண்டு வருவார். வழிச்செலவு, அரிசி, முன்பணம் எல்லாம் கடனாகத் தொழிலாளியின் தலையில் ஏறும். தோட்டம் மாறவேண்டுமென்றால் பழைய தோட்டத்துத் துரை ஒரு துண்டு எழுதிக் கொடுக்கவேண்டும். இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறேன் என்பதுதான் அதில் இருக்கும். புதுத் தோட்டம் அந்தக் காசைக் கட்டும். கட்டிய காசு மறுபடி தொழிலாளியின் கடனாகவே நிற்கும். ஆள் மாறினான், கடன் மாறவில்லை. ஆங்கிலேயத் துரைமார் தங்கள் ஆங்கிலக் கடிதங்களிலும் அந்தத் தமிழ்ச் சொல்லையே எழுதினார்கள். 1921 இல் வந்த தொழிலாளர் சட்டம்தான் துண்டு முறையைத் தடை செய்தது.

இப்ப நீங்களே பாருங்கள். பழைய இடத்துக்குக் காசு கட்டி ஆளை எடுப்பது, கடிதம் இல்லாமல் ஆள் அசைய முடியாதது, இரண்டு முதலாளிமாரும் பேரம் பேசும்போது ஆள் வாய் பேசாமல் நிற்பது. தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கும் உதைபந்தாட்ட வீரனுக்கும் சம்பளத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கட்டுப் போட்ட முறை மட்டும் ஒன்றுதான்.

சரி, ஒப்பந்தம் முடிந்தபின் போகலாம். ஒப்பந்தம் முடியமுதல் போனால்? இங்கேதான் சுவிஸ் நீதிமன்றத்தின் இரண்டாவது பெரிய தீர்ப்பு வருகிறது.

மட்டுசலெம் என்ற பிரேசில்காரர் 2004 இல் உக்ரேனின் ஷக்தார் டொனெட்ஸ்க் கழகத்துடன் ஐந்து வருட ஒப்பந்தம் செய்தார். 2007 யூலையில், இன்னும் இரண்டு வருடம் இருக்க, ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஸ்பெயினின் சரகோசா கழகத்துக்குப் போனார். ஃபிஃபா நட்டஈடாக 68 இலட்சம் யூரோ கட்டச் சொன்னது. வழக்கு லோசானில் இருக்கிற விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. 2009 இல் அந்த மன்றம் தொகையை 11,858,934 யூரோவாக உயர்த்தியது. அதற்கு மேல் வருடத்துக்கு 5 வீத வட்டி. வட்டி மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய ஆறு இலட்சம் யூரோ. அவரும் சரகோசாவும் சேர்ந்து கட்டவேண்டும். சரகோசாவிடம் காசு இல்லை. அவர் அதற்கிடையில் இத்தாலியின் லாசியோவுக்குப் போய்விட்டார்.

காசு வரவில்லை. 2010 இல் ஃபிஃபா சொன்னது: கட்டாவிட்டால், ஷக்தார் கேட்டுக்கொண்டாலே போதும், உனக்கு உதைபந்தாட்டத்தில் எந்த வேலையும் செய்யத் தடை. எவ்வளவு காலத்துக்கு? கட்டி முடிக்கும்வரை. நடுவர் மன்றமும் அதைச் சரியென்றது.

ஃபிஃபா சூரிச்சில் இருக்கிறது. நடுவர் மன்றம் லோசானில் இருக்கிறது. ஆகவே கடைசி மேன்முறையீடும் லோசானில் இருக்கிற சமஷ்டி நீதிமன்றத்துக்குத்தான் வரவேண்டும். அந்த நீதிமன்றம் நடுவர் தீர்ப்புகளில் இலேசில் கைவைக்காது. நட்டஈடு பற்றிய மேன்முறையீட்டை அது 2010 இலேயே தள்ளிவிட்டது. ஆனால் 2012 மார்ச் 27 இல் தடை பற்றிய தீர்ப்பை அது நீக்கியது. பொது ஒழுங்கின் அடிப்படைக் கோட்பாட்டையே மீறியதென்று ஒரு விளையாட்டு நடுவர் தீர்ப்பின் உள்ளடக்கத்தை அது நீக்கியது அதுதான் முதல் முறை.

அதற்கு நீதிமன்றம் சுட்டிக்காட்டிய அடிப்படை சுவிஸ் குடியியல் சட்டத்தின் 27 ஆம் பிரிவு. 1912 இல் நடைமுறைக்கு வந்த சட்டம். ஒருவன் தன் சுதந்திரத்தைத் தானே விரும்பினாலும் அளவுக்கு மிஞ்சி விட்டுக்கொடுக்க ஏலாது என்பது அதன் சாரம். கையெழுத்துப் போட்டாயே என்று கேட்டால், ஒரு எல்லைக்கு மேல் உன் கையெழுத்துக்கே பெறுமதி இல்லை என்று சட்டம் சொல்கிறது. கடனைத் தீர்க்கும்வரை தொழில் செய்யக்கூடாது என்றால் அவன் எதைக்கொண்டு கடனைத் தீர்ப்பான் என்பதையும் நீதிமன்றம் பார்த்தது. கடன் வசூலிக்க வேறு வழி இருக்கிறது, 1958 இன் நியூயோர்க் உடன்படிக்கைப்படி அந்தந்த நாட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றும் சொன்னது.

ஒன்றைக் கவனியுங்கள். நீதிமன்றம் கடனைத் தள்ளுபடி செய்யவில்லை. ஒப்பந்தத்தை முறித்தவன் நட்டம் கொடுக்கத்தான் வேண்டும். ஷக்தாரின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அவர்களும் காசு போட்டுத்தான் ஆளை எடுத்தார்கள், அறிவித்தல் வந்த கையோடு அந்த இடத்துக்கு இன்னொருவரைத் தேடவேண்டி இருந்தது. கடன் கடன்தான். ஆனால் கடனுக்காக மனிதனைக் கட்டிவைக்க ஏலாது. துண்டு முறையில் இல்லாமல் போனது இந்த வித்தியாசம்தான்.

இவ்வளவு நல்ல சட்டம் உள்ள நாட்டில் எல்லாரும் சுதந்திரமாக வேலை மாறினார்களா என்று கேட்கத் தோன்றும். 1934 முதல் 2002 வரை இங்கே பருவகாலத் தொழிலாளர் முறை இருந்தது. இத்தாலியர், ஸ்பானியர், போர்த்துக்கேயர், யூகோஸ்லாவியர் என்று ஆட்கள் வருவார்கள். வருடத்தில் ஒன்பது மாதம் வேலை, பிறகு ஊருக்குப் போகவேண்டும். மனைவி பிள்ளைகளைக் கூட்டிவர ஏலாது. பருவம் முடியும்வரை முதலாளியை மாற்ற ஏலாது, கன்ரோனை மாற்ற ஏலாது. களவாகக் கூட்டிவந்த பிள்ளைகளை அறைக்குள்ளே ஒளித்து வளர்த்தார்கள். அலுமாரிப் பிள்ளைகள் என்று அவர்களுக்குப் பேர். 1976 இல் பெரூவுக்கு விடுதலை கொடுத்த அதே வருடத்தில், அவர் விளையாடிய மைதானங்களைப் போன்றவற்றைக் கட்டிய கைகளுக்கு அந்த விடுதலை இல்லை.

நாங்கள் வந்தது எண்பதுகளில். எங்களுக்குப் பருவகால அனுமதி இல்லை, அகதி விண்ணப்பதாரரின் அனுமதி. எந்தக் கன்ரோன் என்று அவர்கள் பிரித்துத் தருவார்கள். வேலை கிடைத்தால் முதலாளிதான் அனுமதிக்கு எழுதிப்போடவேண்டும். வேறு இடத்துக்கு மாறுவதென்றால் புது முதலாளி திரும்ப எழுதவேண்டும், மறுமொழி வரும்வரை காத்திருக்கவேண்டும். நான் வேலை செய்த ஒரு குசினியில் மேலதிக மணித்தியாலங்களுக்குச் சம்பளம் எழுதுவதில்லை. கேட்ட ஒருவரிடம் முதலாளி சத்தம் போடவில்லை, அனுமதி அடுத்த மாதம் முடிகிறதல்லவா என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு நாங்கள் யாரும் கேட்கவில்லை. எங்களுக்கு 27 ஆம் பிரிவும் தெரியாது, அதைச் சொல்லித்தர ஆளும் இல்லை.

அதனால்தான் விளையாட்டு வீரர்களின் வழக்குகளை நான் பணக்காரச் சண்டை என்று தள்ளுவதில்லை. சட்டத்தரணிக்குக் கொடுக்க அவனிடம் காசு இருக்கிறது, போனால் பத்திரிகையில் வருகிற பேர் இருக்கிறது. எங்களால் கேட்க முடியாத கேள்வியை அவன் கேட்கிறான். கிடைக்கிற பதில் அவனுடைய பேருக்கு மட்டும் எழுதப்படுவதில்லை. 2024 ஒக்டோபரில் லசானா டியாறா என்ற பிரெஞ்சு வீரரின் வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஃபிஃபாவின் மாற்று விதிகளில் சிலது சட்டத்துக்கு முரண் என்றது. மொஸ்கோக் கழகம் ஒன்றுடன் முறிந்த ஒப்பந்தத்துக்கு அவர் 105 இலட்சம் யூரோ கட்டவேண்டும், அவரை எடுக்கிற புதுக் கழகமும் அதற்குப் பொறுப்பு என்ற நிலை. அந்தப் பயத்தில் பெல்ஜியத்தின் சார்ளுறுவா கழகம் அவரை எடுக்கத் தயங்கியது. அந்த வருடம் முடியமுதல் ஃபிஃபா தன் விதிகளைத் திருத்தவேண்டி வந்தது.

இன்றைக்கு எங்கட பிள்ளைகள் இந்த நாட்டின் கழகங்களில் சின்ன வயதிலேயே விளையாடுகிறார்கள். இன்னும் கனபேர் வங்கியிலும் வைத்தியசாலையிலும் கணினி நிறுவனங்களிலும் ஒப்பந்தம் எழுதுகிறார்கள். வேலையை விட்டால் இத்தனை மாதம் இதே தொழில் செய்யக்கூடாது என்ற வரி அவர்களுடைய கடதாசியிலும் சின்ன எழுத்தில் இருக்கும். கையெழுத்துப் போடமுதல் அதை வாசிக்கச் சொல்லுங்கள். அந்தத் தடைக்கு இடம், காலம், தொழில் என்று மூன்றிலும் அளவு இருக்கவேண்டும் என்று சுவிஸ் சட்டம் சொல்கிறது, அளவுக்கு மிஞ்சினால் நீதிபதி குறைக்கலாம் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். எங்கட பாட்டன்மாருக்கு அந்தத் துண்டில் என்ன எழுதியிருந்தது என்று வாசித்துச் சொல்லக்கூட ஆள் இருக்கவில்லை.