எந்த ஏரியூர்?

போன வாரம் ஏரியூரிலிருந்து ஒரு நண்பர் போன் செய்தார். பென்னாகரம் பக்கம் இருக்கிற ஏரியூர். கடைக்காரர்களுக்குக் கணக்கெழுதி, வரி தாக்கல் செய்து கொடுப்பவர்.

"புது கம்ப்யூட்டர் வாங்கினேன் சார். பழைய மெயிலெல்லாம் அததோட ஃபோல்டர்ல பத்திரமா இருக்கு. ஆனா இப்ப வர்றதெல்லாம் ஒரே இடத்துல வந்து கொட்டுது. ஒரு கடைக்காரருக்கு வந்த வரி நோட்டீஸ், துணிக்கடை ஆஃபருக்கு நடுவுல மாட்டிக்கிச்சு. பதில் சொல்ல ரெண்டே நாள்தான் பாக்கி!"

'வரி சம்பந்தமாக வந்தால் இந்த ஃபோல்டர், பேங்க் மெயில் என்றால் அந்த ஃபோல்டர்' என்று வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்து விதிகள் எழுதி வைத்திருந்தார் மனிதர். மெயில்கள் சர்வரில் இருந்தன. விதிகளோ பழைய கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள்!

இந்தத் தலைவலி புதுசு இல்லை. நம்ம தபால் இலாகா பட்ட பாடுதான்.

1863-ல் அலகாபாத்துக்கும் கான்பூருக்கும் நடுவே, ஓடும் ரயிலிலேயே கடிதங்களைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். பிற்பாடு ஆர்.எம்.எஸ். ஆனது அதுதான். குலுங்குகிற பெட்டிக்குள் நின்றபடியே சின்னச் சின்ன மர அறைகளில் கடிதங்களைப் போட்டுக்கொண்டே போவார் சார்ட்டர். எந்த ஊர் எந்தப் பைக்கு என்பதெல்லாம் அவர் மண்டைக்குள் இருந்தது. அவர் ரிட்டயர் ஆனால் மண்டையும் கூடவே போய்விடும். புதிதாக வருபவர் 'அ'னா, 'ஆ'வன்னாவிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஏரியூரையே எடுத்துக்கொள்ளுங்கள். சிவகங்கைச் சீமையிலும் ஓர் ஏரியூர் உண்டு. 'ஏரியூர், தமிழ்நாடு' என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தப் பையில் போடுவது? போதாக்குறைக்கு, 1965 அக்டோபர் 2-ம் தேதி சேலம் ஜில்லாவைப் பிரித்துத் தருமபுரியை உண்டாக்கினார்கள். சேலம் என்று எழுதிப் பழகிய கை லேசில் மாறுமா?

1972 ஆகஸ்ட் 15. பின்கோடு வந்தது. அதன் மூளை ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். தொலைத்தொடர்பு அமைச்சகத்தின் உயரதிகாரி, சம்ஸ்கிருதக் கவிஞரும்கூட! (காமர்ஸ் படித்த எனக்கு, எண்களைக் கணக்கப்பிள்ளைகளின் சொத்து என்றே நினைப்பு.) மொத்தம் ஆறு இலக்கம். முதல் மூன்றைப் பார்த்தால் எந்த வட்டாரம் என்று தெரியும். கடைசி மூன்று, பட்டுவாடா செய்யும் தபால் ஆபீஸ். நம்ம ஏரியூருக்கு 636 என்று தொடங்கும். ஜில்லா பிரிந்த பிறகு வந்த எண்தான், ஆனாலும் சேலத்துக்கும் அதே 636! சிவகங்கை ஏரியூருக்கு 630. சார்ட்டரின் மண்டைக்குள் இருந்த விதி, கவரின் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. இனி யார் ரிட்டயர் ஆனால் என்ன?

மின்னஞ்சலுக்கு இந்தப் புத்தி வர நாளானது. 1978 மே மாதம், அமெரிக்காவின் அர்பாநெட்டில் டெக் நிறுவனத்தின் விற்பனையாளர் ஒருவர், சில நூறு பேருக்கு ஒரே விளம்பரத்தைத் தட்டிவிட்டார். குப்பை மெயிலின் பிள்ளையார் சுழி அதுதான். குப்பை சேரச் சேர, பிரிக்க ஆள் வேண்டுமே! 1990-ல் ப்ராக்மெயில் வந்தது. அப்புறம் ஆளாளுக்கு ஒரு மெயில் புரோகிராம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஷை. இதில் எழுதிய விதி அதற்குப் புரியாது.

2001-ல் 'சீவ்' என்ற பொது மொழியை வகுத்தார்கள். சீவ் என்றால் சல்லடை. விதியைச் சர்வரிலேயே வைத்துவிடலாம். வீட்டில் கம்ப்யூட்டரை மாற்றினாலும் அது அசையாது. நல்ல ஏற்பாடு. ஆனால் மெயில் நடத்தும் கம்பெனிகள் எல்லாம் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

நண்பர் வைத்திருப்பது தண்டர்பேர்ட். அதில் விதிகள் முழுக்க ஒரே ஒரு சின்ன ஃபைலில் இருக்கும். வெறும் எழுத்துதான், நோட்பேடில்கூடத் திறந்து படிக்கலாம். புரோகிராமை மூடிவிட்டு, அந்த ஃபைலைப் புது மெஷினில் அதே கணக்கின் ஃபோல்டருக்குள் போட்டால் வேலை முடிந்தது. ஒரு எச்சரிக்கை: எந்த மெயில் எந்த ஃபோல்டருக்குப் போக வேண்டும் என்ற முழு விலாசமும் அதற்குள் எழுதியிருக்கும். அங்கே கணக்கின் பெயரோ ஃபோல்டரின் பெயரோ மாறியிருந்தால் திருத்தித்தான் ஆகணும்.

"பழைய கம்ப்யூட்டர் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"நாகமரையில மச்சான் பையன் கேம் விளையாடறதுக்குக் கேட்டான்னு குடுத்துட்டேன் சார்."

"ஃபார்மேட் பண்ணிட்டானா?"

போன் கட்டாகிவிட்டது. பத்து நிமிஷம் கழித்து அவர் வீட்டு அம்மாதான் எடுத்தார். "பென் டிரைவைத் தூக்கிப் பையில போட்டுக்கிட்டு, சாப்பிடாமக்கூட வண்டிய எடுத்துட்டுப் போயிட்டார்ங்க."