வழிப்போக்கர் உணவும் மலைநாட்டுச் சிறுகடைகளும்

மலைநாட்டிற்கு வரும் வழிப்போக்கருக்கு உணவளித்தல் இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. 11 ஆம் நூற்றாண்டில் இலங்கையை ஆண்ட முதலாம் விஜயபாகு மன்னன், சிவனொளிபாதமலைக்குச் செல்லும் யாத்திரிகர் வழியிற் பசியால் வாடாதிருத்தற்பொருட்டுக் கிலிமலைக் கிராமத்தை மானியமாக விடுத்தான் எனச் சூளவம்சம் கூறுகின்றது. யாத்திரிகர்க்கு அவன் செய்த அறங்களைக் கூறும் கல்வெட்டு, கினிகத்தேனையை அடுத்த அம்பகமுவையில் இன்றும் உள்ளது. உணவு அறத்திற்கு நிலமே அடிப்படை என்பதை அம்மன்னன் நன்குணர்ந்திருந்தான்.

கினிகத்தேனை ஒரு கூடல் வாயில். அவிசாவளையிலிருந்து கித்துல்கலை வழியாக மேலேறும் பெருந்தெருவும், நாவலப்பிட்டியிலிருந்து வரும் தெருவும் இங்கே சேர்கின்றன. அப்பால் ஹற்றனும் நுவரெலியாவும் உள்ளன. மார்கழிப் பௌர்ணமி தொடக்கம் வெசாக் வரை நீளும் யாத்திரைக் காலத்தில், கொழும்புப் பக்கத்திலிருந்து வருவோர் பலர் இவ்வழியாகவே செல்வர். தெருவோரத் தேநீர்க் கடைகள் இவர்களுக்காகவே கண் விழித்திருக்கும். சுற்றியுள்ள சிங்களக் கிராமங்களின் கித்துள் பாணியும் கருப்பட்டியும், தோட்டத்துத் தமிழரின் ரொட்டியும் சம்பலும் ஒரே வழியில் விலைப்படும் இடம் இது.

இவற்றுள் ரொட்டியின் வரலாறு தனியே நோக்கத்தக்கது. 1869 இல் தோன்றிய இலை நோயினாற் கோப்பிப் பயிர் அழிந்தபின், மலைச்சரிவுகளிற் தேயிலை பரவியது. 1884 இல் ஹற்றனுக்குப் புகையிரதம் வந்தது. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளிலிருந்து கங்காணிமார் வழியாக வந்த தொழிலாளர், சோறுண்ணும் மக்கள். ஆயினும் நெல் விளைக்க அவர்களுக்குக் காணியில்லை. அரிசியைத் தோட்டமே வழங்கி, அதன் விலையைச் சம்பளத்திற் கழித்துக்கொண்டது. உழைப்பு ஓரிடத்திலும் உணவு வேறிடத்திலும் விளைந்த வாழ்க்கை அது.

1942 இல் பர்மா ஜப்பானியர் கைப்பட்டபோது, அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோயிற்று. உணவுப் பங்கீடு அமுலுக்கு வந்தது; அரிசியின் குறையைக் கோதுமை மா நிரப்பலாயிற்று. அம்மாவுடன் தேங்காய்த் துருவலும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, கையாற் தட்டிச் சுட்ட ரொட்டி, லயங்களின் நாளாந்த உணவாக வேரூன்றியது. அதற்கு ஒரு காரணமும் உண்டு. விடியற்காலையிற் சுட்டுத் துணியில் முடிந்து மலைக்கு எடுத்துச் செல்லலாம். கொழுந்து பறிக்கும் இடைவேளையில் ஆறிய பின்னும் உண்ணலாம். மிளகாயும் வெங்காயமும் உப்பும் இடித்த சம்பலும், பால் சேராத சாயத் தேநீரும் அதற்குத் துணையாயின.

1973, 1974 ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் தானிய விலை உயர, அரசாங்கம் பங்கீட்டைக் குறைத்தது. கிராமத்தவருக்குச் சொந்தக் காணியிற் பலாவும் மரவள்ளியும் இருந்தன. தோட்டத்தவருக்கோ அந்த ஆதாரமும் இல்லை. பட்டினியாற் பலர் மாண்டனர். இன்று பிரயாணிகள் சுவைத்துப் புகழும் ரொட்டிக்குப் பின்னால் இத்துயரமும் உண்டு.

உல்லாசப் பிரயாணம் மலைநாட்டிற்குப் புதிய வருவாயைக் கொணர்ந்துள்ளது. காசல்ரீ நீர்த்தேக்கத்தை அண்டிய பழைய துரைமார் பங்களாக்கள் சில, 2005 முதலாகச் சொகுசு விடுதிகளாயின. அண்மைக் காலத்தில், ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 22 பகுதிகளாக, 300 கிலோ மீற்றருக்கு மேல் நீளும் ‘பீக்கோ தடம்’ என்னும் நடைபாதையும் அமைந்துள்ளது. அது கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை ஆகிய ஊர்களைத் தொட்டுச் செல்கின்றது. பங்களாவின் விருந்தினர் வாயிலுக்குள்ளேயே உண்பர்; நடந்து செல்வோரோ லயத்தருகே பசித்து நிற்பர். அப்பசிக்கு உணவளிப்பவர் யார் என்பதே கேள்வி.

கிராமப் பெண்கள் தாமே சமைத்து, தாமே விற்று, வருவாயைத் தாமே பெறும் முறைக்கு விவசாயத் திணைக்களத்தின் ‘ஹெல போஜுன்’ உணவு நிலையங்கள் நல்ல சான்று. பேராதனைக்கு அண்மையிலுள்ள கன்னொறுவையில் அதனைக் காணலாம். தோட்டத்துப் பெண்களிடம் கைத்திறனுக்குக் குறைவில்லை; கடை வைக்க இடமே குறை. லயத்து அறை தோட்டத்துக்குரியது. காணியுறுதி இல்லாதவர் வங்கியிற் கடன் பெறுவதும், கடைக்கு அனுமதிப் பத்திரம் பெறுவதும் அரிது. குடும்பத்திற்கு 7 பேர்ச் காணி அளிக்கும் திட்டம் தொடங்கப்பட்டிருப்பினும், உறுதியை இன்னும் கையிற் பெறாதோர் மிகப் பலர்.

இந்நிலை நீடிக்குமாயின், லயத்து அடுப்பிற் பிறந்த உணவை வேறொருவர் அழகிய தட்டில் வைத்து விற்பர். அதனை ஆக்கியவர் கொழுந்துக் கூடையுடன் தெருவோரத்தில் நின்று பார்ப்பர். உணவு மரபைப் பேணுதல் என்பது சமையற் குறிப்பைப் பேணுவதோடு முடிவதன்று. சமைப்போரின் உரிமையைப் பேணுவதும் அதன்பாற்படும்.

விஜயபாகு மன்னன் வழிப்போக்கருக்காக ஒரு கிராமத்தையே ஒதுக்கினான். இன்று வேண்டப்படுவது அத்துணைப் பெரிதன்று. கினிகத்தேனையிலிருந்து பொகவந்தலாவை வரை, தெருவோரத்திற் சில பேர்ச் நிலமும், சமைப்பவர் பெயரில் ஓர் அனுமதிப் பத்திரமும் போதும்.