மருத்துவர் கிறீனும் தமிழ்வழி மருத்துவமும்

கடல் கடந்து சென்று அயல்நாட்டு ஏழை மக்களிடையே தொண்டு புரிதல் கிறித்தவ சமய வரலாற்றில் நெடுங்கால மரபாகும். அத்தகைய தொண்டு எப்போது நிலைபெறுகின்றது, எப்போது தொண்டர் திரும்பிச் சென்றதும் மறைகின்றது என்பது ஆராயத்தக்க வினாவாகும். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் வாழ்க்கை இவ்வினாவிற்கு ஒருவகையில் விடை தருகின்றது.

அமெரிக்கக் கிறித்தவத் தொண்டர்கள் 1816இல் யாழ்ப்பாணத்தில் நிலையாகப் பணி தொடங்கினர். நியூயார்க்கு நகரில் மருத்துவராயிருந்த ஜான் ஸ்கடர் 1819இல் தம் தொழிலைத் துறந்து அங்குப் புறப்பட்டார். அவ்வழியிலே பின்வந்தவரே கிறீன். இவர் 1822இல் மாசச்சூசெட்சு மாநிலத்து ஊஸ்டர் நகரிற் பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் பயின்றார். 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயில் நிலைகொண்டார்.

ஒரு மருத்துவர் எத்துணை உழைப்பினும் ஒரு நாட்டின் நோயனைத்தையும் தீர்த்தல் இயலாது. இவ்வுண்மையை உணர்ந்த கிறீன், நோயாளரைப் பேணியதோடு அமையாது, அவ்வூர் இளைஞர்க்கு மருத்துவம் கற்பிக்கவும் தொடங்கினார். தொடக்கத்தில் கல்வி ஆங்கில வழியிலேயே நடந்தது. அதன் விளைவு அவருக்கு உவப்பளிக்கவில்லை. ஆங்கில வழிக் கற்றோர் உடையிலும் நடையிலும் தம் மக்களினின்றும் விலகுதலை அவர் கண்டார். கிராமத்து ஏழைக்கு உதவ வேண்டிய கல்வி கிராமத்தினின்றும் பிரிக்கும் கருவியாயின், இரக்கத்தின் நோக்கமே பழுதுபடும் அன்றோ?

இடையில் தாயகம் சென்று 1862இல் மீண்டுவந்த கிறீன், மருத்துவக் கல்வியைத் தமிழ்வழிக்கு மாற்றத் துணிந்தார். மாணவர்கள் தம் நாட்டு உடையிலேயே இருந்து, தம் மக்களிடையே தொழில் நடத்த வேண்டுமென்பது அவர் விருப்பமாகும். இவரிடம் மருத்துவம் பயின்று வெளிவந்தோர் 60க்கு மேற்பட்டவர் ஆவர்.

தமிழ்வழிக் கல்விக்குத் தமிழ் நூல்கள் இன்றியமையாதன. 'பிரசவ வைத்தியம்' 1857இலேயே வெளிவந்திருந்தது. 'இரண வைத்தியம்' 1867இல் வந்தது. இலண்டனில் 1858இல் முதன்முதல் வெளியான கிரேயின் உடற்கூற்று நூல், 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெயரால் 1872இல் தமிழாயிற்று. இடையீடு 14 ஆண்டுகளே என்பது நோக்கத்தக்கது. தம் மாணவரும் தமிழறிஞரும் துணைநிற்கவே அவர் இப்பணியை முடித்தார். ஆதலின் இந்நூல்களை ஒருவர் ஈந்த கொடை என்பதினும், இருசாராரும் கூடிச் செய்த ஆக்கம் என்பதே பொருந்தும்.

நூற்பெயர்களே கலைச்சொல்லாக்கத்தின் போக்கினைக் காட்டுகின்றன. 'இரணம்' மக்கள் வழக்கிலுள்ள சொல். 'அங்காதிபாதம்' வடசொல்லின் வழி வந்தது. 1875இல் வெளிவந்த வேதியியல் நூலின் பெயராகிய 'கெமிஸ்தம்' ஆங்கில ஒலியைத் தழுவியது. இவற்றுட் சில இன்றைய வழக்கிற்கு ஒவ்வாமல் இருக்கலாம். எனினும், புதிய அறிவியலைத் தமிழிற் சொல்லவியலும் என்பதற்கு இவை பழஞ்சான்றுகளாம்.

கிறீன் 1873இல் தாயகம் திரும்பினார். தமிழ்ப்பணி அத்துடன் நின்றிலது. 'மனுஷ சுகரணம்' என்னும் உடலியல் நூல் 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் காலமானார். யாழ்ப்பாணத்திலோ தமிழ்வழி மருத்துவக் கல்வி நீடிக்கவில்லை. கொழும்பில் 1870இல் நிறுவப்பெற்ற அரசினர் மருத்துவப் பள்ளி ஆங்கில வழியினது. அரசுப் பணியும் மதிப்பும் அவ்வழியே கிட்டின. ஆகவே, கிறீன் தொடங்கிய முயற்சி குன்றியமைக்குத் தமிழின் ஆற்றற் குறைவு காரணமன்று. அதனைத் தாங்கும் நிறுவனம் இன்மையே காரணம் எனலாம்.

சமயம் பரப்புதலும் அவர் நோக்கமென்பதை மறைத்தல் வரலாற்று நேர்மையாகாது. ஆயினும், நோயுற்றோர் அவரிடம் பெற்ற பயன் அதனாற் பொய்யாகிவிடாது. இக்காலத்தில் சில வாரங்களே அயல்நாட்டில் தங்கித் தொண்டு செய்து திரும்புவோர் பலராவர். அவர்தம் அன்பும் உண்மையானதே. எனினும், சென்ற இடத்து மக்களின் மொழியைக் கற்று, தாம் இல்லாதபோதும் அவர்கள் தாமே தொடரக்கூடிய அறிவை விட்டுச் செல்லுதல் தொண்டின் உயர்ந்த நிலையாகும். அவ்வாறு விடப்பட்டதைப் பேணிக் காத்தல் பெற்றோர் கடமையாகும். அக்கடமையில் நாம் தவறினோம் என்பதையும் கிறீனின் நூல்கள் நமக்கு உணர்த்துகின்றன.