பண்ணையாள் என்ற பெயர்

எங்கள் திருவொற்றியூர் ஆலைகளில் ஒரு தொழிலாளியை நீக்கினால், 'ஏன்?' என்று கேட்கச் சங்கம் இருக்கிறது. 1947-ஆம் வருஷத்திலேயே அதற்குச் சட்டமும் வந்தது. அதே காலத்தில் தஞ்சாவூர் ஜில்லாவின் பண்ணையாளுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க எந்தச் சட்டமும் இல்லை. பட்ட கடனுக்காகக் குடும்பத்தோடு ஒரே மிராசுதாரிடம் கட்டுண்டு கிடந்தவன் அவன். நேரம் தவறினால் சவுக்கடி. எதிர்த்துப் பேசினால் சாணிப்பால். சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பதற்குப் 'பால்' என்று பெயர் சூட்டிய புண்ணியவான் யாரோ!

1943-ல் அங்கே போனார் பி. சீனிவாசராவ். தாய்மொழி கன்னடம், கட்சி கம்யூனிஸ்ட். சேரி சேரியாக அவர் சொன்னது ஒரே பாடந்தான்: அடித்தால் வாங்கிக்கொள்ளாதே. 1944-ல் மன்னார்குடிப் பக்கத்துக் களப்பாலில் ஏற்பட்ட ஒப்பந்தம் சவுக்கையும் சாணிப்பாலையும் விலக்கியது. 1948-ல் மாயூரம் ஒப்பந்தம் கூலியை உயர்த்தியது.

1952 தேர்தலில் தஞ்சையில் கம்யூனிஸ்டுகள் சில தொகுதிகளைப் பிடித்தார்கள். அந்த ஆகஸ்டிலேயே ராஜாஜி சர்க்கார் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. குத்தகைக்காரனுக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு. பண்ணையாளைக் காரணமின்றி நீக்கினால் சமரச அதிகாரியிடம் முறையிடலாம். ஆனால் ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறையாக, நிலம் வைத்திருந்தவர்களைச் சட்டம் தொடவில்லை.

அதைவிடப் பெரிய ஓட்டை வேறொன்று. சட்டம் காத்தது பண்ணையாளை. ஆகவே மிராசுதார்கள் பண்ணையாளே வேண்டாம் என்றார்கள்! நேற்றுவரை பண்ணையாளாக இருந்தவன் இன்று அன்றாடக் கூலி. வயலும் அதே, வெயிலும் அதே. பெயர் போயிற்று, பெயரோடு காப்பும் போயிற்று.

அந்த அன்றாடக் கூலிகள்தாம் பின்பு அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து போனார்கள்; பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ்க் கோர்ட்டில் தண்டனை பெற்ற மிராசுதார்களை ஹைக்கோர்ட் விடுதலை செய்தது.

1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் பிறந்தது. சட்டம் வந்ததே என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். எனக்கு அந்த ஆறுதல் வரவில்லை. பண்ணையாளின் பெயரைச் சட்டத்தில் ஏற்றத் தேர்தல் தோல்வி போதுமானதாக இருந்தது. அன்றாடக் கூலியின் பெயர் ஏறுவதற்கு ஒரு குடிசை எரிய வேண்டியிருந்தது.